பால் பூத்துக்குப் போகும் வழி

அப்பா ஒருமுறை மேலே பார்த்தார் என்றுதான் என் நினைவு. மழை விட்ட ஒரு காலை. கையில் துணிப்பை, அதற்குள் பால் பாக்கெட்டுகள். மாடி வீட்டுக் கம்பிக்குப் பின்னாலிருந்து குழந்தை பாடிக்கொண்டிருந்தது. அவர் குடையை மடக்குவதற்காக நின்றார். அப்போது முகம் உயர்ந்தது. அவ்வளவுதான். இதை நான் உண்மையில் பார்த்தேனா, பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பிறகு உண்டாக்கிக்கொண்டேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. குடை கறுப்பு என்று நினைவிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் கறுப்பைத் தவிர வேறு குடை இருந்ததே இல்லை. ஆகவே அது சாட்சியாகாது.

உஷா அக்காவிடம் ஒருமுறை சொன்னேன்.

"நீ நிறையப் புஸ்தகம் படிக்கறே, சீனு," என்றாள். "அதுலல்லாம் தாத்தாக்கள் மேல பார்ப்பா. நம்மாத்துல பார்க்க மாட்டா."

 

கம்பிக்குப் பின்னால் பாடிய குழந்தை ஹம்ஸினி, உஷா அக்காவின் மகள். ஹம்ஸினி கீரி என்ற பெயரில் இன்று அயர்லாந்தில் பாட்டு எழுதிப் பாடுகிறாள். அவளைப் பற்றி அந்நாட்டுத் தொலைக்காட்சி ஒன்றுக்காகப் படம் எடுக்கும் குழு சென்ற ஆண்டு ஹைதராபாத் வந்தது. இளமைக்காலம், குடும்பப் பின்னணி என்று படத்தின் முதல் பகுதிக்குப் பெயர் வைத்திருந்தார்கள். தகப்பன் வழியில் அயர்லாந்தின் நாட்டுப்பாடல்கள், தாய் வழியில் கர்நாடக சங்கீதம், இரண்டும் கலந்து இந்தப் பெண் என்று அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டு வந்திருந்தார்கள்.

அந்தக் கணக்கு தவறு. அவளுடைய தகப்பன் டொனலுக்குச் சுருதி சேராது. பிறந்தநாள் வாழ்த்துப் பாடும்போது அவரை வாயை மட்டும் அசைக்கச் சொல்வார்களாம். எங்கள் வீட்டில் ரேடியோ செய்திக்காக வைக்கப்படும், செய்தி முடிந்ததும் அணைக்கப்படும். இரண்டு குடும்பத்திலும் பாட்டு கிடையாது. பிடிவாதம் உண்டு.

அப்பா ராமசுவாமி, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். திருமுல்கேரியில் வீடு கட்டினார். விஸ்வநாத் அண்ணா மூத்தவர், உஷா அக்கா நடு, நான் கடைசி. அண்ணா அரசு நிறுவனம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் தார்நாகாவில் ஒரு ஆய்வுக்கூடத்தின் நூலகத்தில் இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா நுண்ணுயிரியல் படித்து, கால்வே என்ற ஊரில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள். அங்கே லாரி ஓட்டிய டொனல் கீரியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். செய்துகொண்ட பிறகுதான் தொலைபேசியில் சொன்னாள்.

அப்பா ரிசீவரை வைத்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் கொல்லைக் குழாயடிக்குப் போனார். வாளி நிரம்பும்வரை நின்றார். அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். தலை முழுகுவது என்பது பேச்சுக்குச் சொல்வது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவர் செய்தே காட்டினார். அம்மா துண்டோடு வந்தாள். ஆனால் அதை அவர் கையில் கொடுக்கவில்லை. எட்டத்தில் இருந்த கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் சொட்டச் சொட்ட நடந்து போய்த்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது. இதை அக்காவுக்குப் பிறகு சொன்னவன் நான்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் எனக்கு இரண்டு பிள்ளைகள் என்றார் அப்பா. அண்ணாவும் நானும் அந்த இரண்டு.

ஹம்ஸினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில் அயர்லாந்தில் கட்டட வேலைகள் நின்றுபோயின. டொனலுக்கு லாரி ஓட்ட வேலை இல்லை. அவர் அங்கேயே கிடைத்ததைச் செய்துகொண்டு வீட்டைக் காப்பாற்றுவது, அக்கா குழந்தையோடு இங்கே வந்து சில வருஷம் சம்பாதிப்பது என்று முடிவாயிற்று. தார்நாகாவில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீடு பார்க்கும் பொறுப்பு எனக்கு.

"சைனிக்புரில ஒண்ணு இருக்கு, அக்கா. மரமெல்லாம் இருக்கு, சத்தமே கிடையாது. ரிடையர்ட் கர்னல் வீடு."

"நக்கோ," என்றாள். வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்ல அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த ஊர் வார்த்தைதான்.

"உன் வேலைக்கும் அது..."

"அப்பா பால் வாங்க எந்த வழியாப் போறார்?"

சொன்னேன்.

"அந்த ரோட்ல பாரு."

பால் பூத்துக்கு எதிரே ஒரு மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. படி செங்குத்து, தண்ணீர் நாள் விட்டு நாள். முன்பக்கம் கம்பி போட்ட ஒரு சின்ன பால்கனி, சாலைக்கு நேர் மேலே. அக்கா உள்ளே போய் அறைகளைப் பார்க்கவே இல்லை. பால்கனியில் நின்று கீழே பார்த்துவிட்டு, சரி என்றாள்.

அப்பா காலையில் பாலுக்கு வருவார். வரும்போதும் போகும்போதும் அந்தப் பால்கனியின் அடியில்தான் கடக்க வேண்டும். முதல் நாளே அவருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சாலையில் யார் குடிவந்தாலும் பால் பூத்தில் தெரிந்துவிடும். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். மறுநாளும். அதற்கடுத்த நாளும்.

குழந்தை கேட்டது, அது யார் என்று. உன் தாத்தா என்றாள் அக்கா. ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார்? அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றாள்.

அவள் கேட்டாள். அப்படித்தான் அந்தப் பாட்டு வந்தது. பள்ளியில் தெலுங்கு, தெருவில் தக்கணி உருது, அம்மாவிடம் தமிழ், அப்பாவிடம் தொலைபேசியில் ஆங்கிலம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிற வயது.

ஊபர் தேக்கோ தாத்தா, நீச்சே கைக்கு?
காலுக்கு வழி தெரியும், அது போயிடும்.
ஊபர் தேக்கோ தாத்தா, நான் இருக்கேன், ஹவ்.

மேலே பார், கீழே எதற்கு, நான் இருக்கிறேன், ஆமாம். அவ்வளவுதான் பாட்டு. இனிமையாகப் பாடினாள் என்று சொல்ல மாட்டேன். கத்தினாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தைக் கம்பிகளுக்கு நடுவே திணித்துக்கொண்டு, அவர் தெருமுனையில் தெரிந்ததும் ஆரம்பித்து, மறுமுனையில் மறையும்வரை. கடைசி "ஹவ்" வந்ததும் தெருக் குழந்தைகள் எல்லாம் சேர்ந்து ஒரு "ஹவ்" போடும். அண்ணாவின் மகன் ஹர்ஷா அந்தப் பக்கம் டியூஷன் போகிறவன். அவனும் கூட்டத்தில் நின்று போட்டதை நான் பார்த்திருக்கிறேன். பால் பூத்காரர்கூட பாக்கெட்டை எண்ணிக்கொண்டே வாயை அசைப்பார்.

இவ்வளவுக்கும் நடுவே அப்பா நடந்து போவார். வேகமாகவும் அல்ல, மெதுவாகவும் அல்ல.

நான் வெகுகாலம் யோசித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சாலைக்கு இணையாக இன்னொரு சாலை இருக்கிறது. அதிலும் ஒரு பால் பூத் உண்டு. நிழலும் அதிகம். அவர் ஒரு நாளும் அந்த வழியாகப் போகவில்லை. காய்ச்சலன்று என்னை அனுப்பினார். அப்போதும் இந்த பூத்துக்குத்தான். அவமானத்துக்குப் பயந்து வழி மாறினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதா? வேறு ஏதாவதா? புத்தகங்களில் இப்படிப்பட்ட மனிதர்களைப் பற்றிப் படிக்கும்போது பக்கத்தை மூடிவிட்டு அவரை நினைத்துக்கொள்வேன். விடை கிடைத்ததில்லை. கேட்கவும் இல்லை. எங்கள் வீட்டில் கேட்கிற பழக்கம் அந்தக் குழந்தைக்கு மட்டும்தான் இருந்தது.

சில வருஷங்கள் கழித்து டொனலுக்குப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. அக்காவும் குழந்தையும் திரும்பிப் போனார்கள். ஹம்ஸினி வளர்ந்தாள், கிதார் கற்றாள், மதுக்கூடங்களில் பாடினாள். அந்தப் பாட்டை எடுத்து ஆங்கிலத்தில் விரித்து எழுதினாள். பல்லவியை மட்டும் அப்படியே விட்டாள். அதுதான் அவளை எல்லோருக்கும் தெரிய வைத்தது. தெரியாத ஊரில் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் "ஊபர் தேக்கோ தாத்தா" என்று பாடுவதைத் தொலைபேசியில் அக்கா எனக்குக் காட்டினாள். கடைசியில் எல்லோரும் "ஹவ்" போட்டார்கள். 

சென்ற ஆண்டு அப்பாவுக்கு எண்பது முடிந்தது. அண்ணா சதாபிஷேகம் ஏற்பாடு செய்தார். படக்குழு வருவது தெரிந்ததும் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார். தாத்தாவின் விழாவில் பேத்தி. படத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? பத்திரிகையும் அச்சாகிவிட்டது. ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

அழைப்போர் என்று அண்ணா, மன்னி, நான். அதற்குக் கீழே பேரன் பேத்தி என்று போட்டு ஹர்ஷா, ஹம்ஸினி (அயர்லாந்து).

"உஷா அக்கா பேர் எங்க, அண்ணா?"

"அப்பாக்கு முன்னாடி அவ பேரை எப்படிடா போடறது?"

"ஹம்ஸினி பேரை மட்டும் போடலாமா?"

"அவ வேற. அவளை நாலு பேருக்குத் தெரியும். நீ இதையெல்லாம் பெரிசு பண்ணாதே."

நான் பெரிசு பண்ணவில்லை. சுபாஸ்ரீதான் பண்ணினாள், அவளுக்குத் தெரியாமலே. திருநெல்வேலியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்த பெண், வார இறுதிகளில் படக்குழுவுக்கு மொழிபெயர்க்க ஒத்துக்கொண்டிருந்தாள். இயக்குநர் நீவ் என்ற அயர்லாந்துப் பெண்மணிக்குப் பத்திரிகையைப் படித்துச் சொல்லிவிட்டு எனக்குத் தொலைபேசினாள்.

"சார், ஒரு டவுட்டு. இதுல ஹம்ஸினி உங்க அண்ணன் மகள்னுல்லா இருக்கு? அப்ப உஷா மேடம் தத்து எடுத்து வளத்தாங்களா? நீவ் கேக்காங்க. படத்தோட ஆரம்பத்தையே மாத்தணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

அக்காவும் டொனலும் ஹம்ஸினியும் என் தார்நாகா வீட்டில் தங்கியிருந்தார்கள். அண்ணா அங்கே வந்தார். சோபாவில் புத்தகங்களை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார்.

"பார் உஷா, இப்பத்தான் எல்லாம் கூடி வந்திருக்கு. நீயும் வா, டொனலையும் அழைச்சிண்டு வா. முன்னாடி ரெண்டாவது வரிசைல சேர் போடச் சொல்றேன்."

"சேரா?"

"அப்பா தலைல கலச ஜலம் விடறது மட்டும் வேண்டாம். அப்பாக்கு வயசாச்சு. ஏதாவது ஆயிடும். ஹம்ஸினி விடட்டும், ஹர்ஷாவோட சேர்ந்து."

"எனக்குச் சேர் வேண்டாம், அண்ணா. நின்னு பழக்கம்."

அண்ணா என் பக்கம் திரும்பினார். "சீனு, அவா உன்னைத்தான் பேட்டி எடுக்கப் போறா. நீதான் கூடவே இருந்தவன். அந்தப் பால் பூத் கதை வரும். அப்பா மேல பார்த்தார், அப்புறம் குழந்தையை ஆத்துக்கு அழைச்சிண்டு போய் நாலு கீர்த்தனை சொல்லிக் கொடுத்தார்னு சொல்லிடு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவருக்குப் பாடத் தெரியாதே," என்றேன்.

"அயர்லாந்துல யாருக்குடா தெரியப் போறது?"

ஹம்ஸினி தரையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். "பெரியப்பா," என்றாள். பெரியமாமா என்றுதான் சொல்ல வேண்டும். உறவுப் பெயர்களை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டவள். "அவர் பார்த்திருந்தா நான் அந்தப் பாட்டே எழுதியிருக்க மாட்டேன். பார்த்தார்னு சொன்னா, என்னோட பாட்டு பொய். புரியறதா?"

"அது கதைம்மா. படத்துக்கு."

"நக்கோ," என்றாள். அம்மாவின் அதே குரல்.

டொனல் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் வார்த்தை ஒன்றே ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் கற்றது. அதை இப்போது அண்ணாவைப் பார்த்துச் சொன்னார். "போதும்."

அண்ணா எழுந்து போனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "ஜலம் விடற இடத்துல ரகளை மட்டும் வேண்டாம்," என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் அப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே கதவாக நின்றவர். கதவுக்கு முதுகு வலிக்காதா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ரகளை வராமலிருக்க அண்ணா ஒரு காரியம் செய்திருந்தார். எங்கள் வீட்டுச் சடங்குகளை நடத்திவைக்கும் வாத்தியாருக்குக் குடும்பக் கதை முழுவதும் தெரியும். உஷாவைப் பார்த்தால் ஏதாவது சொல்வார் என்று அவரை விட்டுவிட்டு, எங்களைத் தெரியாத ஜம்புநாதன் வாத்தியாரை ஏற்பாடு செய்திருந்தார். தெரியாதவர் எதுவும் கேட்க மாட்டார் என்று எண்ணினார். தெரியாதவர்தான் கேட்பார் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

திருமுல்கேரியில் கோயிலை ஒட்டிய மண்டபம். ஹோமம் முடிந்து, அப்பாவையும் அம்மாவையும் திறந்த முற்றத்தில் மணை போட்டு உட்கார வைத்தார்கள். கலச ஜலத்தை வேண்டியவர்கள் ஒவ்வொருவராகத் தலையில் விட வேண்டும். வயதானவர்கள் தலையில் நேராக விழாமல் இருக்க மேலே ஒரு சல்லடை பிடிப்பது வழக்கம். ஒரு பக்கம் அண்ணா பிடித்தார், மறுபக்கம் நான். அப்பா தலையைக் குனிந்து கண்ணை மூடியிருந்தார். எனக்கு அந்தக் குனிவு நன்றாகத் தெரியும்.

அண்ணா தன் பக்கத்தை மன்னியின் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஜலம் விட்டார். பிறகு மன்னி. பிறகு நான். சல்லடைக்குத் திரும்பினோம். ஹர்ஷா விட்டான். கேமரா ஹம்ஸினி பக்கம் திரும்பியது. அவள் குடத்தைத் தூக்கினாள்.

"இரு," என்றார் ஜம்புநாதன் வாத்தியார். அவருக்கு அடுத்த வீட்டில் ஒரு சீமந்தம் காத்திருந்தது, எல்லாம் வேகம். "நீ பிள்ளை வயித்துப் பேத்தியா, பெண் வயித்துப் பேத்தியா?"

"பேத்திதான் மாமா, விடட்டும்," என்றார் அண்ணா.

"பேத்தின்னு தெரியறது. எந்த வயிறு? வரிசை இருக்கோன்னோ."

சல்லடையின் அண்ணா பக்கம் லேசாக இறங்கியது.

"பெண் வயிறு," என்றாள் ஹம்ஸினி. "உஷா வயிறு. அதோ நிக்கறா."

முற்றத்தின் ஓரத்தில் தூணருகே அக்கா நின்றிருந்தாள். சேர்கள் காலியாகத்தான் இருந்தன.

வாத்தியார் அண்ணாவைப் பார்த்தார். "ஆத்துல பெண் இருக்காளா? பெண் விடாம பெண் வயித்துப் பேத்தி எப்படி விடறது? இதையெல்லாம் முன்னாடியே சொல்ல மாட்டேளா? வாம்மா, சீக்கிரம் வா."

அவருக்கு அது வரிசை சம்பந்தப்பட்ட விஷயம். வேறொன்றும் இல்லை.

அக்கா வந்தாள். கைத்தறிப் புடவை, ஈரத் தரையில் வெறுங்கால். அப்பாவுக்கு எதிரே நின்றாள். வாத்தியார் குடத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"அவர் சொல்லட்டும்."

"என்ன சொல்லணும்?"

"நான் யாருன்னு."

வாத்தியார் அப்போதுதான் ஏதோ புரிந்தவர்போல் ஓரடி பின்னால் நகர்ந்தார். சமையலறையில் அப்பளம் பொரிக்கும் சத்தம் மட்டும் வந்தது. அப்பா அசையவில்லை. ஜலம் அவர் மூக்கு நுனியில் திரண்டு விழுந்துகொண்டிருந்தது. நான் மௌனத்தை விரும்புகிறவன், ஆனால் அந்த மௌனம் எங்கள் வீட்டுடையது, எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

ஹம்ஸினி குடத்தைக் கீழே வைத்தாள். பாடினாள். மேடையில் பாடுகிற குரல் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய குரல்.

ஊபர் தேக்கோ தாத்தா, நீச்சே கைக்கு?

நீவ் கேமராக்காரரின் தோளைத் தொட்டு நிறுத்தச் சொன்னாரா, தொடரச் சொன்னாரா தெரியவில்லை. ஹம்ஸினி கடைசி வரிக்கு வந்தாள். நான் இருக்கேன் என்றாள். அதன் பிறகு வர வேண்டியதைச் சொல்லாமல் நிறுத்தினாள்.

"ஹவ்," என்றான் ஹர்ஷா. மீசை வைத்து, வங்கியில் அதிகாரியாக இருக்கிறவன். தன் அப்பாவைப் பார்க்காமல் சொன்னான்.

அப்பா மேலே பார்த்தார்.

இதில் சந்தேகம் இல்லை. நான் சல்லடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேர் மேலே இருந்தேன். இமைகள் ஈரமாக ஒட்டியிருந்தன. பேத்தியை அவர் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"நான் வழிய மாத்திண்டேனா?" என்றார். குரல் கோபமாகத்தான் இருந்தது. "பக்கத்து ரோட்டுலயும் பூத் இருந்தது. அந்தப் பக்கம் போனேனா? தினம் உன் வாசல் வழியாத்தானே போனேன்?"

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் இளகுவாள் என்று நினைத்தேன். இளகவில்லை.

"போனாப் போறுமாப்பா?"

பதில் சொன்னது அம்மா. கல்பகம் என்ற பெயருள்ள என் அம்மா, நனைந்த கூறைப்புடவையில் குளிரில் நடுங்கிக்கொண்டு, அப்பாவின் பக்கத்து மணையில் இவ்வளவு நேரமும் இருந்தாள்.

"போறாது," என்றாள். "விடுடி."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவை. "என் பெண்," என்றார் வாத்தியாரிடம், ஏதோ அவர்தான் தடுத்ததுபோல. "விடட்டும். வரிசை கெடறது பாருங்கோ."

அக்கா குடத்தை எடுத்தாள். தூக்கி, நிறுத்தினாள்.

"சீனு, அந்தச் சல்லடைய எடு."

"டேய், சாஸ்திரம்டா," என்றார் அண்ணா. அவர் தன் பக்கத்தை இறுகப் பிடித்தார். நான் இழுத்தேன். என் வாழ்க்கையில் அண்ணாவின் கையிலிருந்து எதையும் நான் இழுத்ததில்லை. அதனாலோ என்னவோ உடனே வந்துவிட்டது.

"அன்னிக்கு நீங்களே விட்டுண்டேள்," என்றாள் அக்கா. "இன்னிக்கு நான் விடறேன்."

குடத்து ஜலம் முழுவதும் நேராக அவர் தலையில் இறங்கியது. அவருக்கு மூச்சு முட்டியது. கண்ணை மூடினார், திறந்தார். அடுத்து ஹம்ஸினி விட்டாள். அவளும் சல்லடை கேட்கவில்லை.

வேட்டியை பெல்ட் போட்டுக் கட்டியிருந்த டொனல் எங்கிருந்தோ ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்து, நேராக அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"லாரி ஓட்டறவரா?"

"இப்ப பஸ், தாத்தா," என்றாள் ஹம்ஸினி.

"பஸ் தேவலை," என்றார் அப்பா.

அதற்கு மேல் அன்று அவர் அக்காவிடம் எதுவும் பேசவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை இருவரில் யாரும் தொடவில்லை. பந்தியில் அவள் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டாள். அண்ணா இரண்டாவது வரிசையில், அவளுக்கென்று போட்டிருந்த சேரில் போய் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் எழவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கை வலிக்கறதாடா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து என்னைப் பேட்டி எடுத்தார்கள். பழைய மாடி வீட்டின் எதிரே, பால் பூத் அருகில் நிற்க வைத்தார்கள். நீவ் கேட்டதைச் சுபாஸ்ரீ சொன்னாள்: அந்த நாட்களில் தாத்தா ஒருமுறையாவது மேலே பார்த்தாரா?

நான் மழை பெய்த காலையைச் சொன்னேன். குடையைச் சொன்னேன். அது எனக்கு மிகவும் பிடித்த நினைவு, அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. பிறகு சொன்னேன்: இது என் நினைவு. என் அக்கா, அவர் பார்க்கவே இல்லை என்கிறாள். அந்தப் பால்கனியில் நின்றவள் அவள். என் அக்கா சொல்வதைப் போடுங்கள். கீர்த்தனை எதுவும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பாட்டு கிடையாது. அந்தக் குழந்தைக்கு ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது, அவர் பார்க்கவில்லை, அவள் விடவில்லை. இளமைக்காலம் என்று போட்டுக்கொள்ள இவ்வளவுதான் உண்டு.

அதையே போட்டார்கள். என் மழையை வெட்டிவிட்டார்கள்.

அப்பா இந்த ஆண்டு தை மாதம் தூக்கத்தில் போனார். படத்தை அவர் பார்க்கவில்லை, வேண்டாம் என்றார். அக்கா வந்து சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்டது. பத்தாம் நாள் பத்திரிகையில் மகள் உஷா, மாப்பிள்ளை டொனல் என்று அண்ணாவே எழுதிக்கொடுத்தார். அண்ணா சைனிக்புரிக்கு வீடு மாறிவிட்டார். ஹர்ஷா புனேயில் இருக்கிறான். டொனல் கால்வேயில் பேருந்து ஓட்டுகிறார், அக்கா அதே மருத்துவமனையில் வேலை செய்கிறாள். ஹம்ஸினி இப்போது அந்தப் பாட்டை மேடையில் பாடுவதில்லை, கேட்டால், தாத்தாதான் பார்த்துவிட்டாரே என்கிறாள். திருமுல்கேரி வீடு வாடகைக்குப் போயிருக்கிறது. அம்மா என்னோடு தார்நாகாவில் இருக்கிறாள். காலையில் பால் வாங்க நான் போகிறேன்.